முதல் 20 மீட்டர்லதான் மேட்டரே இருக்கு!

காலை அஞ்சே கால் மணி. வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல டிபன் பாக்ஸ் பையோட ஒரு கூட்டம் சென்னை பக்கம் போற லோக்கலுக்குக் காத்திருக்கும். மெயின் ரோட்டுல கம்பெனி பஸ்ஸுக்காக இன்னொரு கூட்டம். இந்த ரெண்டுலயும் சேராத ஒரு சின்ன கூட்டம் ஷார்ட்ஸும் பழைய ஷூவுமா எதிர்த்திசையில நடந்து போகும். எங்கே? இன்னும் வீடு முளைக்காத லே-அவுட் ரோட்டுக்கு. வண்டி வராது, நாய்த் தொல்லை கம்மி, ரோடு நேரா இருக்கும். எங்க ஏரியா பசங்களுக்கு அதுதான் ஸ்டேடியம்.

அங்கே ஓடுற பாதிப் பேருக்குக் குறி ஒண்ணுதான். போலீஸ் செலக்‌ஷன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உடல்திறன் போட்டியில் 100 மீட்டர் ஓட்டமும் ஒரு தேர்வு. ஆண்களுக்கு 15 விநாடிக்குள் முடித்தால் ஒரு ஸ்டார், 13.50 விநாடிக்குள் முடித்தால் இரண்டு ஸ்டார். (ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் கணக்கை ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.) ஸ்டாருக்கு ஸ்டார் மதிப்பெண் மாறும். அந்த மதிப்பெண்ல ஒண்ணு ரெண்டு குறைஞ்சு லிஸ்ட்ல பேர் வராம போனவங்க கதை ஊருக்கு நாலு இருக்கு.

அப்படி ஒரு தம்பி எனக்குத் தெரியும். ஷிப்ட் வேலை பார்த்துக்கிட்டே ஆறு மாசம் ஓடினான். லே-அவுட்ல 13.2 விநாடி. நண்பன் மொபைல்ல ஸ்டாப்வாட்ச் அமுக்குவான். செலக்‌ஷன் அன்னிக்கு வந்தது 13.8. "பதற்றம்ணா"ன்னான். எனக்கு அது மட்டும்னு தோணலை. "நூறு மீட்டரை எப்படிடா அளந்தீங்க?"ன்னு கேட்டேன். "மனைக் கல்லை வெச்சுதான்ணா. ஒரு மனை 40 அடி, எட்டு மனை."

எட்டு நாற்பது 320 அடி. 100 மீட்டர்னா 328 அடி. எட்டு அடி குறையுது பாருங்க, அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். அந்த வேகத்துல ஓடுற ஒருத்தருக்கு அது 0.3 விநாடி. போதாக்குறைக்கு ஸ்டாப்வாட்ச். கையால் எடுக்கும் நேரம் எப்பவுமே கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். எலெக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட, 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கொள்வது தடகளத்தில் பல வருஷ வழக்கம். ரெண்டையும் கூட்டினா 13.2 எங்கே போய் நிக்குதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க. செலக்‌ஷன்ல அவன் ஸ்லோ ஆகவே இல்லை. முதல்ல இருந்தே அவன் டைமிங் அதுதான்.

சரி, இப்போ கேள்வி இதுதான். 13.8-ஐ 13.4 ஆக்க முடியுமா? முடியும். அதுல பெரிய பங்கு முதல் 20 - 30 மீட்டர்ல கிடைக்கும். ஏன்னு பார்ப்போம்.

போல்ட்டுக்கே 2.89 ஆச்சு!

2009 ஆகஸ்ட் 16, பெர்லின். உசேன் போல்ட் 9.58 விநாடியில் 100 மீட்டரை முடித்த நாள். அந்த ஓட்டத்தை 20 மீட்டர், 20 மீட்டராக அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. அடுத்த 20-க்கு 1.75. அதற்கடுத்து 1.67. 60-லிருந்து 80 மீட்டர் வரை 1.61, அதாவது மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். கடைசி 20 மீட்டருக்கு 1.66.

இந்த அஞ்சு நம்பரையும் நிதானமா இன்னொரு தடவை படிங்க. உலகத்திலேயே வேகமான மனிதர், தன் மொத்த நேரத்துல 30 சதவீதத்தை ஓட்டத்தின் முதல் ஐந்தில் ஒரு பங்குல செலவு பண்ணியிருக்கார். உச்ச வேகம் வர 60 மீட்டர் தாண்ட வேண்டியிருக்கு. கடைசி 20-ல அவருமே ஸ்லோ ஆகுறார். கடைசியில "பிச்சுக்கிட்டுப் போறது" எல்லாம் டிவில நமக்கு அப்படித் தெரியுறதுதான். பக்கத்துல ஓடுறவங்க அவரைவிட அதிகமா ஸ்லோ ஆகுறாங்க, அவ்வளவுதான்.

நம்மள மாதிரி ஆட்களுக்கு உச்ச வேகம் சீக்கிரமே, 30 - 40 மீட்டர்லயே வந்துடும். அந்த உச்ச வேகத்தைக் கூட்டுறது ரொம்ப கஷ்டம், வருஷக்கணக்குல ஆகும். ஆனா அந்த வேகத்துக்குப் போய்ச் சேரும் பாதையில நாம பண்ற தப்புகளைச் சில வாரங்கள்லயே குறைக்கலாம். நேரம் மிச்சமாகிற இடம் இதுதான்.

"விசில் அடிச்ச உடனே கிளம்பணும், ரியாக்‌ஷன்தான் முக்கியம்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. அதே பெர்லின் ஃபைனல்ல துப்பாக்கிச் சத்தத்துக்கு முதல்ல அசைஞ்சவர் டிரினிடாட் வீரர் ரிச்சர்ட் தாம்சன், 0.119 விநாடி. போல்ட் 0.146, எட்டு பேர்ல ஆறாவது. தாம்சன் முடிச்சது அஞ்சாவது இடத்துல. ரியாக்‌ஷன்ல ஜெயிச்சது 0.027 விநாடி, தோத்தது 0.35 விநாடி. அதனால சத்தத்துக்குத் துடிச்சு எகிறுற பயிற்சியில மணிக்கணக்கா மண்டையை உடைச்சுக்க வேண்டாம். அவசரப்பட்டா ஆபத்து வேற இருக்கு. 2011-ல் டேகு உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் சத்தத்துக்கு முன்பே கிளம்பி, ஓடாமலேயே வெளியேறினவரும் இதே போல்ட்தான்.

மக்கர் பண்ற பைக்கைத் தள்ளியிருக்கீங்களா?

பெட்ரோல் தீர்ந்து நின்ன பைக்கை ஒரு நண்பனுக்காகப் பின்னாடி இருந்து தள்ளியிருப்பீங்க. அப்போ உங்க உடம்பு எப்படி இருந்துச்சு? நிமிர்ந்து நின்னா தள்ளுவீங்க? உடம்பு தானாகவே முன்னால சாயும், கால் பின்னால போய் ரோட்டை அழுத்தும், ஒவ்வொரு அழுத்தும் நீளமா இருக்கும். வண்டி உருள ஆரம்பிச்ச பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா நிமிர்வீங்க. ஆக்ஸலரேஷன்னா அதேதான். இங்கே நீங்க தள்ற வண்டி உங்க உடம்பு.

பள்ளிக்கூட அறிவியல் பாடம்தான். தரையைப் பின்னால் தள்ளினால், தரை உங்களை முன்னால் தள்ளும். கீழே மட்டும் குத்தினா, மேலே மட்டும் எழும்புவீங்க. பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் ழான் பெனுவா மொரின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. 100 மீட்டரில் வேகமாக ஓடுகிறவரையும் மெதுவாக ஓடுகிறவரையும் பிரித்துக் காட்டியது, தரையில் கொடுக்கும் மொத்த விசையின் அளவைவிட, அந்த விசை எந்தத் திசையில் போகிறது என்பதுதான். ஜிம்ல 100 கிலோ ஸ்குவாட் போடுற அண்ணனை, ஒல்லியா இருக்கிற பத்தாவது படிக்கிற பையன் முதல் 20 மீட்டர்ல தூக்கிச் சாப்பிடுறது இதனாலதான்.

நாம பண்ற பெரிய தப்பு, மூணாவது அடியிலேயே நெஞ்சை நிமிர்த்தி நிக்கறது. எனக்கு ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. "தலையைத் தூக்கி, எதிர்ல பார்த்து ஓடு!" குறுவட்டப் போட்டியில நாலாவது வந்தேன். சொல்லிக் கொடுத்தவரைக் குத்தம் சொல்லலை, அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஸ்டார்ட்ல நிமிர்ந்தா கால் உடம்புக்கு முன்னாடி போய் விழும். முன்னாடி விழுற ஒவ்வொரு அடியும் ஒரு குட்டி பிரேக்.

இன்னொரு தப்பு, 'டகடகடக'ன்னு குட்டிக் குட்டி அடியா வைக்கிறது. பார்க்க வேகமா தெரியும். ஆனா தள்ள நேரமே கிடைக்காது. ஓட்டத்தின் முதல் அடிகளில் கால் தரையில் இருக்கும் நேரம் சுமார் 0.2 விநாடி. முழு வேகத்தில் நல்ல வீரர்களுக்கு அது 0.1 விநாடிக்கும் கீழே இறங்கிவிடும். தரையை நல்லா தள்ள நேரம் கிடைக்கிறதே ஆரம்பத்துலதான். அதை வீணாக்கிட்டு அப்புறம் தேடினா கிடைக்காது.

சரி, எப்படி நிக்கணும்? எப்படிக் கிளம்பணும்?

லே-அவுட் ரோட்டுல ஸ்டார்ட்டிங் பிளாக் எல்லாம் ஏது. நின்ன இடத்துல இருந்தே கிளம்புவோம். முன்னங்கால் கோட்டை ஒட்டி. பின்னங்கால் அதுக்கு ஒன்றரை, ரெண்டு பாத அளவு பின்னால். ரெண்டு காலும் ஒரே கோட்டுல கயித்துமேல நிக்கிற மாதிரி வேண்டாம், இடுப்பு அகலம் இருக்கட்டும். முட்டியை மடக்கி, எடையை முன்னங்கால் மேல ஏத்துங்க. இடது கால் முன்னாடின்னா வலது கை முன்னாடி. கண் ரெண்டு மூணு மீட்டர் தள்ளி தரையைப் பார்க்கட்டும்.

எந்தக் காலை முன்னாடி வைக்கிறது? இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. சீனாவின் சூ பிங்டியான் கதை ஒண்ணு சொல்றேன். உயரம் 172 சென்டிமீட்டர், நம்ம ஊர்லயே சாதாரணமா பார்க்கக்கூடிய உயரம். ஏற்கெனவே ஆசியாவின் முன்னணி வீரராக இருந்தவர், ஸ்டார்ட்டில் முன்னால் வைக்கும் காலையே மாற்றிப் பழகினார். வருஷக்கணக்காகப் பழகினதை மாத்துறது சோறு சாப்பிடுற கையை மாத்துற மாதிரி. 2015 மே மாதம் அமெரிக்காவின் யூஜீன் நகரில் 9.99 ஓடினார். ஆசியாவில் பிறந்த வீரர் ஒருவர் 10 விநாடிக்குள் ஓடியது அதுதான் முதல் முறை. அதோடு நிக்கலை. 2021 ஆகஸ்ட் 1-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83. அப்போ அவருக்கு 32 வயசு ஆக இன்னும் நாலு வாரம் இருந்துச்சு. அவரை அங்கே கொண்டுபோனது முதல் 60 மீட்டர். அந்த வீடியோ தேடிப் பாருங்க, நெட்டையான ஆட்கள் நடுவுல இவர் ஒரு அம்பு மாதிரி கிளம்புறது தெரியும்.

நீங்க ரெண்டு காலையும் மாத்தி மாத்தி வெச்சு, 10 மீட்டர் அஞ்சஞ்சு தடவை ஓடிப் பாருங்க. எது நல்லா தள்ளுதுன்னு உடம்பே சொல்லும்.

கிளம்பும்போது முன்னங்கால் முழுசா நீண்டு தள்ளணும். குதிகால்ல இருந்து தலை வரைக்கும் ஒரே கோடு. இடுப்பை மடக்கிக் குனியறது வேற, கணுக்கால்ல இருந்து மொத்தமா சாயறது வேற. முதல் அடி எட்டிப்போட்டு வைக்காதீங்க. பாதம் இடுப்புக்கு நேர் கீழேயோ கொஞ்சம் பின்னாலேயோ விழட்டும். அந்த நேரத்துல முட்டி பாதத்தைவிட முன்னாடி இருக்கணும், முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு முன்னால சாய்ஞ்சிருக்கணும். ஸ்டார்ட் சரியா இருக்கான்னு பார்க்க எனக்குத் தெரிஞ்ச நல்ல அடையாளம் இதுதான்.

கையை மறந்துடாதீங்க. முன்னாடி வீசுறதுல கவனம் வேண்டாம். முழங்கையைப் பின்னால அடிங்க, முன்னாடி தானா வரும். ஆரம்ப அடிகள் நீளம்கிறதால கை வீச்சும் பெருசா இருக்கட்டும்.

அப்புறம் நிமிர்றது. லிஃப்ட் மாதிரி சட்டுன்னு வேண்டாம், ஏரிக்கரை ஏற்றம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. 20 மீட்டர் தாண்டும்போது பார்வை தரையிலிருந்து மெதுவா எதிர்க்கோட்டுக்கு வரட்டும். வேகம் கூடக்கூட உடம்பு தானாகவே நிமிரும். நீங்க அதை அவசரப்படுத்தாம இருந்தா போதும்.

மண்ணே மார்க் போடும்

செம்மண் தரை கிடைச்சா கொடுத்து வெச்சவங்க நீங்க. 20 மீட்டர் ஓடிட்டுத் திரும்பி வந்து உங்க காலடித் தடத்தைப் பாருங்க. ஒவ்வொரு இடைவெளியும் முந்தினதைவிடக் கொஞ்சம் அதிகமா இருக்கணும். நாலாவது தடத்துக்கு அப்புறம் எல்லாம் ஒரே அளவுல இருந்தா, நீங்க அங்கேயே நிமிர்ந்துட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டாவது அடியே எக்கச்சக்க தூரம்னா எட்டிப்போட்டிருக்கீங்க. நல்லா தள்ளின தடத்துல மண் பின்பக்கமா சிதறியிருக்கும்.

தார் ரோடுன்னா மொபைல். ஸ்லோ மோஷன் வசதி இப்போ பத்தாயிரம் ரூபாய் போன்லயே வருது. 10 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டுல, இடுப்பு உயரத்துல வெச்சு எடுங்க. முன்னாடி இருந்து எடுக்கிற வீடியோ ரீல்ஸுக்கு நல்லா இருக்கும், சாய்வு தெரியாது. முதல் மூணு அடியில ஒவ்வொரு தடவை கால் தரையைத் தொடும்போதும் நிறுத்திப் பாருங்க. முட்டி பாதத்தைவிட முன்னாடி இருக்கா, இல்லையா? இதை மட்டும் பாருங்க. ஒரே நாள்ல பத்து விஷயத்தைத் திருத்தப் போனா ஓடவே வராது.

பயிற்சிகள்ல நான் முதல்ல சொல்றது, விழுந்து கிளம்பறது. கால் ரெண்டையும் சேர்த்து நில்லுங்க. உடம்பை வளைக்காம அப்படியே முன்னால சாயுங்க. இனி விழுந்துடுவோம்கிற கணத்துல ஓட ஆரம்பிங்க, 15 மீட்டர். சாய்வுன்னா என்னன்னு வாயால சொல்லி விளங்காதவங்களுக்கு இது ரெண்டே தடவையில விளங்கிடும். சுவத்துல கையை ஊன்றி, சாய்ஞ்ச நிலையில முட்டியை மாத்தி மாத்தித் தூக்குறதும் நல்லது. அதை வீட்டு மொட்டை மாடியிலயே பண்ணலாம்.

டயர் இழுக்கலாமா? இழுக்கலாம். பஞ்சர் கடையில தேய்ஞ்ச கார் டயர் கேட்டா கொடுப்பாங்க. இடுப்புல கயிறு கட்டி 15 - 20 மீட்டர். பின்னாடி இழுபடும்போது உடம்பு தானாகவே சாயும், தானாகவே தள்ளும். ஆனா வீரம் காட்டுறேன்னு லாரி டயரைக் கட்டாதீங்க. அதிக எடையோட பயிற்சி பண்ற முறைகளும் இருக்கு, அதெல்லாம் பக்கத்துல கோச் நிக்கிறப்போ.

இப்போ எல்லாரும் சொதப்புற இடத்துக்கு வரேன். ரெஸ்ட். நம்ம பசங்க மூச்சு வாங்கி, நாக்கு தள்ளி, வாந்தி வந்தாத்தான் பயிற்சின்னு நினைக்கிறாங்க. 1500 மீட்டருக்கு அந்த உழைப்பு தேவை. அதை 7 நிமிஷத்துல முடிக்காம ஆண்கள் அடுத்த கட்டத்துக்கே போக முடியாதுங்கிறதால, தினமும் அதையே ஓடி ஓடிப் பழகிடுறாங்க. ஆக்ஸலரேஷனுக்கு வேற கணக்கு. தசையில இருக்கிற கிரியேட்டின் பாஸ்பேட்தான் இதுக்கு எரிபொருள். சில விநாடிகள்லயே பெரும்பகுதி காலியாகும், திரும்ப நிரம்ப நிமிஷக்கணக்குல ஆகும். நிரம்புறதுக்குள்ள அடுத்த ஓட்டம் ஓடினா, நீங்க பழகுறது மெதுவா ஓடுறதை.

கோச்சுகள் சொல்ற எளிய கணக்கு, 10 மீட்டருக்கு ஒரு நிமிஷம் ஓய்வு. 10 மீட்டர் நாலு, 20 மீட்டர் நாலு, 30 மீட்டர் மூணு. மொத்தம் 210 மீட்டர்தான். ஆனா வார்ம்-அப்போட சேர்த்தா ஒரு மணி நேரம் ஆகும். இதை வாரத்துல ரெண்டு, அதிகபட்சம் மூணு நாள், 1500 ஓடாத நாள்ல பண்ணுங்க. ஒரே நாள்லதான் முடியும்னா இதை முதல்ல, நீள ஓட்டத்தை அப்புறம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் பக்கம் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வர்ற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்த்த காலோட ஃபுல் ஸ்பீடு போகாதீங்க. அன்னிக்குத் தூங்குங்க, சாயங்காலம் ஓடுங்க. தொடையின் பின்தசை பிடிச்சுக்கிட்டா மூணு வாரம் போயிடும், சில பேருக்கு அந்த வருஷ செலக்‌ஷனே போயிடும். 10 நிமிஷம் மெதுவா ஓடி, காலை வீசி, முட்டியைத் தூக்கி, அரை வேகம், முக்கால் வேகத்துல ரெண்டு மூணு தடவை போயிட்டு அப்புறம்தான் முழு வேகம். அந்தத் தசை 'சுருக்'னு சொன்னா அன்னிக்குக் கடையைச் சாத்திடுங்க. "இன்னும் ஒண்ணே ஒண்ணு"ன்னு போற அந்த ஒண்ணுலதான் கிழியும்.

பொண்ணுங்களுக்கும் இதே கதைதான். அவங்க உடல்திறன் தேர்வுலயும் 100 மீட்டர் இருக்கு. குட்டையா இருக்கோமேன்னு கவலைப்படுறவங்க ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃப்ரேசர் பிரைஸைப் பாருங்க. உயரம் 152 சென்டிமீட்டர், அஞ்சு அடிதான். 2008 பெய்ஜிங், 2012 லண்டன்னு ரெண்டு ஒலிம்பிக்ல 100 மீட்டர் தங்கம். அவங்க ஸ்டார்ட்டுக்காகவே வெச்ச பேருதான் 'பாக்கெட் ராக்கெட்'.

நம்ம தம்பிக்கு வருவோம். முதல் வேலையா டேப் வாங்கினோம். கொத்தனார்கள் வெச்சிருக்கிற 30 மீட்டர் டேப். எட்டாவது மனைக் கல்லைத் தாண்டி எட்டு அடியில சுண்ணாம்புல புதுக்கோடு. பழைய கோட்டை அவனே காலால தேய்ச்சு அழிச்சான். முதல் ரெண்டு வாரம் 30 மீட்டருக்கு மேல ஓடவே விடலை. "நூறு மீட்டர் எப்போண்ணா?"ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தான். மூணாவது வாரம் ஓடினான். ஸ்டாப்வாட்ச்ல 13.4, அதோட 0.24 கூட்டி நோட்டுல 13.64-ன்னு எழுதினான். முன்னாடியா இருந்தா 13.4-ன்னுதான் எழுதியிருப்பான்.

இன்னும் 0.14 இருக்கு. அடுத்த அறிவிப்பு எப்போ வரும்னு தினமும் போனைப் பார்த்துக்கிட்டே, வாரத்துல மூணு நாள் டயர் இழுக்கிறான்.